'டீ எஸ்டேட்' என்று தேடினால் இலைநோய்தான் வருகிறது, உதவுங்கள்

வெள்ளவத்தை மாணவி:
இறுதி வருட ஆய்வு. 1948 குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரை எப்படிப் பாதித்தது என்பது தலைப்பு. ஜேஸ்டோரில் (ஆய்வுக் கட்டுரைகள் உள்ள இணையத்தளம்) தலைப்பை அப்படியே ஆங்கிலத்தில் நீள வசனமாக அடித்தேன், உருப்படியாக ஒன்றும் இல்லை. 'டீ எஸ்டேட்' மட்டும் போட்டால் அசாம், டார்ஜிலிங், இலைநோய்! வெள்ளிக்கிழமை விரிவுரையாளரிடம் காட்ட வேண்டும்.

நூலகத்து அண்ணா:
தங்கச்சி, மலையகத் தமிழர் என்பது நீங்கள் சொல்லும் பெயர். அறுபதுகளில் ஆங்கிலத்தில் எழுதியவர் 'இந்தியன் தமில்ஸ்', 'எஸ்டேட் லேபர்' என்றுதான் எழுதியிருப்பார். நாடே 1972 வரை சிலோன். வெறும் 'ஸ்ரீ லங்கா' போட்டால் பழைய கட்டுரைகள் பெரும்பாலும் கண்ணில் படாது. ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்:

சிலோன், ஸ்ரீ லங்கா
இந்தியன் தமில்ஸ், எஸ்டேட் லேபர், பிளான்டேஷன் வேர்க்கர்ஸ்
சிட்டிசன்ஷிப், ஸ்டேட்லெஸ்

ஒரே வரியில் உள்ளவற்றுக்கு நடுவில் 'ஓர்' (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), வரிக்கும் வரிக்கும் நடுவில் 'அன்ட்' (AND, எல்லாம் இருக்க வேண்டும்). இரண்டையும் கெப்பிட்டலில் அடியுங்கள். இரு சொல்லாக வருவதை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். லேபரில் 'யூ' போட்டும் போடாமலும் எழுதுவார்கள், இரண்டையும் சேருங்கள்.

வெள்ளவத்தை மாணவி:
போட்டேன் அண்ணா. இப்போது ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, அசாமும் போகவில்லை. அசாம் வருவதை விலக்க 'நொட் அசாம்' (NOT) போடவா?

தெஹிவளை அக்கா:
வேண்டாம்! நான் ஒருமுறை போட்டு, இலங்கையையும் அசாமையும் ஒப்பிட்ட நல்ல கட்டுரையையே தொலைத்தேன். ஒவ்வொரு வரியையும் அடைப்புக்குறிக்குள் போட்டீர்களா?

வெள்ளவத்தை மாணவி:
ஐயோ, இல்லை. இப்போது போட்டேன், முதல் பக்கத்திலேயே குடியுரிமை வந்துவிட்டது.

தெஹிவளை அக்கா:
இவர்களின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் விடாதீர்கள். சாஸ்திரியை 'எச்' போட்டும் போடாமலும் தேடுங்கள். ஜேஸ்டோரில் பல சஞ்சிகைகளின் கடைசிச் சில வருட இதழ்கள் இருக்காது, புதியவற்றுக்கு ஸ்ரீ லங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன் பாருங்கள். தமிழில் வந்தவற்றுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம். அங்கே தமிழிலேயே அடிக்கலாம்.

நூலகத்து அண்ணா:
அப்புறம், நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டு அதன் அடிக்குறிப்புகளை வாசியுங்கள். கூகுள் ஸ்கொலரில் அதைப் போட்டால், பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்றும் தெரியும்.

வெள்ளவத்தை மாணவி:
ஒன்று கிடைத்தது. அடிக்குறிப்பில் 'ரிபேட்ரியேஷன்' (தாயகம் திருப்பி அனுப்புதல்) என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாவது வரியில் அதையும் சேர்த்துவிட்டேன்.