மறு: மறு: ‘யுபிக்விட்டஸ் கம்ப்யூட்டிங்’ தமிழில் என்ன? (வெள்ளி காலைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை இந்தக் குழுவில் நான் கேட்டது ஒரு சொல்: ‘யுபிக்விட்டஸ் கம்ப்யூட்டிங்’ என்பதற்குத் தமிழ். (‘கம்ப்யூட்டிங்’குக்குக் ‘கணிமை’ என்று இங்கே எழுதிவருகிறோம்.) இன்று வியாழன் இரவு, மடல்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன். நாளை காலை பத்து மணிக்குப் பாடக்குறிப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக: பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இப்போது டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகளுக்கான குறிப்பு இது. ‘யுபிக்விட்டஸ் கம்ப்யூட்டிங்’ என்ற பெயரை வைத்தவர் கணினி ஆய்வாளர் மார்க் வைசர், 1988 வாக்கில், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில். 1991 செப்டம்பரில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் பாடத்துக்கு அடிப்படை. கம்ப்யூட்டர் மேசைமேல் உட்கார்ந்துகொண்டு நம் கண்ணைக் கட்டிப்போடக் கூடாது, ஓர் அறையில் நூறு சின்னப் பொருள்களாகப் பிரிந்து, இருக்கிற நினைப்பே நமக்கு வராமல் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து.

> ‘எங்கும் கணிமை’ போதும். மூலச்சொல்லே அதுதான். லத்தீனில் ‘உபி’ என்றால் எங்கு, ‘க்வே’ என்றால் உம். உபீக்வே = எங்கும்.

பேராசிரியர் ஐயா, இதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அந்த ‘க்வே’ அவர்களுக்கு எண்ணும்மையாகவும் (நீயும் நானும் என்பதுபோல்) வருகிறது, வினாச்சொல்லோடு சேர்ந்தால் முற்றும்மையாகவும் (எங்கும் என்பதுபோல்) வருகிறது. நம் ‘உம்’மும் அப்படித்தான். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன. ஆனால் அதிலிருந்து இரண்டுக்கும் ஒரே வேர் என்று நீங்கள் போன இடத்துக்கு என்னால் வர முடியவில்லை. அந்த ஆறு மடல்களை விட்டுவிடுகிறேன்.

என் தயக்கம் வேறு. ‘எங்கும்’ வினையைத் தேடுகிற சொல். எங்கும் இருக்கிறது, எங்கும் நிறைந்தது என்போம். ‘எங்கும் கணிமை’ என்றால் பாதியில் நின்ற வாக்கியம்போல் காதில் விழுகிறது. திருச்சி அம்மா சொன்ன ‘நிறைகணிமை’, தம்பி சொன்ன ‘பரவுகணிமை’ இரண்டும் வினைத்தொகை. பரவிய, பரவுகின்ற, பரவும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடும். பாதி வந்து பாதி வராத ஒரு தொழில்நுட்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இல்லை.

> ‘கணிமை’யே தவறு. மை பண்புப்பெயர் விகுதி. செம்மை, கருமை. கணி வினையாயிற்றே?

பொறு, பொறுமை. தாழ், தாழ்மை. போதும் என்று நினைக்கிறேன். இந்தச் சண்டையை ஆண்டுதோறும் ஒருமுறை போடுகிறோம், இந்த ஆண்டுக்கு இதோடு முடித்துக்கொள்வோம்.

> விரற்கடை, அடி, கெஜம்!

இது வழி தவறிய பேச்சு என்று சிலர் கடிந்துகொண்டார்கள். எனக்கு இது உதவியது. வைசர் குழு செய்த கருவிகள் மூன்று அளவு: டேப் ஓர் அங்குலக் கணக்கு, பேட் ஓர் அடிக் கணக்கு, போர்டு ஒரு கெஜக் கணக்கு. பிள்ளைகளுக்குச் சுவர்ப்பலகை, கைப்பலகை, விரற்பலகை என்று சொல்லிவிடலாம். பூ முழம் போட்டு வாங்குகிறவர்களுக்கு அளவு உடனே புரியும்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். நேற்று நான் முன்வைத்த ‘உறைகணிமை’யை யாரும் கடுமையாகத் திட்டவில்லை, ஆனால் யாரும் ஏற்கவும் இல்லை. ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

‘எங்கும்’, ‘பரவு’, ‘நிறை’ மூன்றும் எண்ணிக்கையைச் சொல்கின்றன. எண்ணிக்கை மட்டும் என்றால், எல்லார் கையிலும் செல்பேசி வந்ததோடு வைசர் கனவு நிறைவேறிவிட்டது என்றாகும். ஆனால் செல்பேசி நம் கண்ணை விடுவதே இல்லை. அவர் வேண்டாம் என்றதே அதைத்தான். அவர் கேட்டது மறைந்து வாழ்வது. ‘வானுறையும் தெய்வம்’ என்கிறது குறள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், என் வகுப்பில் சிலர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர்கள். உறைதல் என்றால் தங்கி வாழ்தல் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் இன்னொன்று: பாலுக்கு உறை ஊற்றுகிறோம். ஊற்றிய மோரைக் காலையில் தேடினால் கிடைக்காது, பால்தான் மாறியிருக்கும். இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

> பனி உறையும், கடித உறை, தலையணை உறை. பிள்ளைகள் கணினிக்குப் போடும் உறை என்று நினைப்பார்கள்.

நினைக்கலாம், மறுக்கவில்லை. ‘படி’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்! வகுப்பில் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

> மறைந்து இருப்பதுதான் முக்கியம் என்றால் ‘மறைகணிமை’ என்றே சொல்லலாமே. ‘மரத்தை மறைத்தது மாமத யானை’.

யாழ்ப்பாணத்து அக்கா, திருமந்திரத்தை இங்கே கொண்டுவந்தது எனக்கு மிகவும் பிடித்தது. மரமும் யானையுமாக நம் பேச்சு முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் மறையாக்கம், மறைகுறி என்று தகவலைப் பூட்டும் துறை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அடுத்த பருவத்திலேயே பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

> அப்படியானால் ‘வேவுகணிமை’ என்று உண்மையைச் சொல்லுங்கள்.

இந்த அச்சம் வீண் இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊழியர்கள் சட்டையில் ஒரு மின்னணு வில்லையை அணிந்தார்கள். பதினைந்து நொடிக்கு ஒருமுறை அது அகச்சிவப்புக் கதிரில் தன் அடையாளத்தைச் சொல்லும். யார் எந்த அறையில் என்று தெரிந்து தொலைபேசி அழைப்பை அங்கே அனுப்பலாம். யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்பதும் கூடவே தெரியும். இதைப் பாடத்தில் தனிப்பத்தியாகச் சேர்த்துவிட்டேன். ஆனால் தீர்ப்பைப் பெயருக்குள் வைத்துவிட்டால் வகுப்பில் விவாதிக்க எதுவும் மிஞ்சாது.

என்னை உண்மையில் நிறுத்தியவர் கோவைப் பொறியாளர்தான்.

> உறைவது மட்டும் போதாது. அது உட்பொதி அமைப்பு (எம்பெடட் சிஸ்டம்), ஒரு கருவிக்குள்ளேயே அடங்கிய கணினி. சலவை எந்திரத்துக்குள்ளும் சில்லு உறைகிறது.

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியை நினைத்துப் பார்த்தேன். பாலை ஊற்றியதும் கருவி கொழுப்பு அளவைச் சொல்லிச் சீட்டு அடித்தால் அது உட்பொதி. அதே அளவு கணக்கில் ஏறி, பணம் வங்கிக்குப் போய், வீட்டில் இருக்கும் அம்மாவின் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால்தான் அது நம் பாடம். தோட்டத்து மோட்டாருக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டரும் அப்படி. கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானே மோட்டாரை நிறுத்திவிட்டுத் தோட்டக்காரருக்குச் சொல்கிறது. சுங்கச்சாவடியில் கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகில் மின்கலம்கூட இல்லை, வாசிக்கும் கருவி அனுப்பும் அலையிலேயே அது விழித்துக்கொள்கிறது. இவற்றில் ‘உறை’ இருக்கிறது, ஒன்றோடொன்று பேசுவதும் இருக்கிறது. என் சொல் இரண்டாவதைச் சொல்லவில்லை. ஆனால் ‘எங்கும்’ என்ற சொல்லும் அதைச் சொல்லவில்லையே ஐயா.

எண்ணிப் பார்த்தேன்: எங்கும் கணிமை பதினொரு பேர், பரவுகணிமை ஐந்து, உறைகணிமை மூன்று (நான் உட்பட), ‘யுபிக்விட்டஸ்’ என்றே எழுதிவிடு என்றவர்கள் நான்கு. அந்த நால்வருக்கு: வடசொல்லுக்கு வழிவிட்ட தொல்காப்பியம் எழுத்தை மட்டும்தான் நமக்கேற்ப மாற்றச் சொன்னது, அது சரி. ஆனால் இந்தச் சொல்லை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மூன்று பேர் திணறி நிறுத்தினார்கள், ஒரு பெண் அழாத குறை. அவளுக்காகத்தான் இந்த மடலையே தொடங்கினேன்.

ஆகவே தலைப்பில் ‘எங்கும் கணிமை’ என்று போடுகிறேன். அதிகம் பேர் சொன்னதற்கு மதிப்பளிக்கிறேன், மனம் ஒப்பவில்லை. இரண்டாம் பக்கத்தில், மறைந்து வேலை செய்வதை விளக்கும் இடத்தில், ‘உறைகணிமை என்றும் சொல்லலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

இரண்டு வேண்டுகோள். ஒரே சொல்லாக எழுதினால் சந்திப்படி ‘எங்குங்கணிமை’ ஆகுமே, பிரித்தே எழுதலாமா என்று ஐயா காலை எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும். அடுத்து, நான்காம் பாடத்தில் வைசரும் அவரோடு பார்க்கில் இருந்த ஜான் சீலி பிரவுனும் சொன்ன ‘காம் டெக்னாலஜி’ வருகிறது, நம் கவனத்தைப் பிடுங்காமல் தகவல் சொல்லும் தொழில்நுட்பம். அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இது: கூரையில் ஒரு மோட்டார், அதிலிருந்து எட்டடி பிளாஸ்டிக் கயிறு. கட்டடத்து வலையமைப்பில் தகவல் ஓடும்போதெல்லாம் கயிறு துடிக்கும், போக்குவரத்து மிகுந்தால் சுழன்று இரையும். ஓரக்கண்ணில் பார்த்தாலே நிலவரம் தெரியும். ‘அமைதித் தொழில்நுட்பம்’ என்றால் போர் நிறுத்தம்போல் இருக்கிறது. வேறு சொல் வேண்டும். அதைத் தனி இழையில் தொடங்குங்கள், தயவுசெய்து இதில் வேண்டாம்.

அன்புடன்