புதிய ட்ரோன், புதிய ஃபில்டர்கள்: காணொளி ஏன் துள்ளுகிறது, படம் ஏன் மழுங்குகிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகத் தரையில் நின்றே நிலக்காட்சிகளைப் படமெடுத்து வந்த நான், அண்மையில்தான் முதன்முதலாக ஒரு ட்ரோனும் அதற்கான, ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் தொகுப்பும் வாங்கினேன். அதன் கேமராவில் 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், எஃப்/2.8 முதல் எஃப்/11 வரை மாற்றக்கூடிய அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) ஆகியவை உள்ளன. இன்னும் ஒரு மாதத்தில் ஒரு மலைப் பயணம் இருக்கிறது. விடியல் வெளிச்சம் பள்ளத்தாக்கில் இறங்குவதை மேலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை என்பதால், அதற்குள் இந்தக் கருவியை நம்பிக் கையாளும் அளவுக்குப் பழகிவிட விரும்புகிறேன்.

சென்ற வாரம் நல்ல வெயிலில், திறந்தவெளி ஒன்றில் மூன்று பேட்டரிகள் தீரும்வரை பறக்கவிட்டுப் பார்த்தேன். காணொளிக்கு ஷட்டர் வேகம் ஃப்ரேம் வேகத்தின் இரு மடங்காக இருக்க வேண்டும் என்று படித்திருந்ததால், 4கே, வினாடிக்கு 25 ஃப்ரேம், 1/50 வினாடி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100 என்று வைத்து, என்.டி.4 ஃபில்டரை மாட்டி, அப்பெர்ச்சரை எஃப்/11 வரை மூடினேன். ஒளியளவு சரியாகவே அமைந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. ட்ரோனை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழற்றி எடுத்த காட்சி (ஒரு முழுச் சுற்றுக்கு 12 வினாடி எடுத்துக்கொண்டேன்) வழுக்கிச் செல்லாமல் விட்டு விட்டுத் துள்ளுகிறது. காணொளியிலும், ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்த நிழற்படங்களிலும் தொலைவிலுள்ள மரங்களின் இலைகள் மழுங்கித் தெரிகின்றன. ஒரு மரத்தை வேகமாக வட்டமிட்டு முடித்தபின் அடிவானம் சாய்ந்து நிற்கிறது. இவற்றில் எது கருவியின் குறை, எது என் பழக்கமின்மை என்று பிரித்தறிய ஒரு வழி சொல்லுங்கள்.

பதில் 1

வணக்கம். மழுங்கலைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். அதற்கான விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஃபில்டர் இல்லாத படங்களும் மழுங்கியிருக்கின்றன என்றால் பழி ஃபில்டரின் மேல் இல்லை. நிழற்படம் எடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றினீர்கள், ஆனால் எஃப்/11 என்பதை மாற்றாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சிறிய துளை வழியே நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால், ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விழுகிறது. அந்த வட்டின் விட்டம், ஒளியின் அலைநீளத்தை எஃப் எண்ணாலும் 2.44 என்ற மாறிலியாலும் பெருக்கினால் கிடைக்கும். பச்சை ஒளிக்கு எஃப்/11-இல் அது ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர். உங்கள் சென்சாரின் அகலம் 13.2 மில்லிமீட்டர், அதில் சுமார் 5,470 பிக்சல்கள் இருப்பதால் ஒரு பிக்சலின் அகலம் 2.4 மைக்ரோமீட்டர்தான். ஆக, ஒரு புள்ளி ஆறு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. எஃப்/4-இல் அதுவே ஏறத்தாழ இரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். பெரிய சென்சார் கேமராவில் நிலக்காட்சிக்கு எஃப்/11 வைத்துப் பழகிய கை, இங்கேயும் அதையே வைக்கிறது. மேலே பறக்கும் அகலக்கோண லென்ஸுக்கு அத்தனை ஆழக்கூர்மை தேவையே இல்லை. எஃப்/4 முதல் எஃப்/5.6 வரை போதும்.

கடும் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/16 என்றால் ஷட்டர் 1/100 வினாடி என்ற பழைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்/5.6-க்கு வரும்போது அது 1/800 ஆகும். அதை 1/50 ஆக்க நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்குவது) குறைக்க வேண்டும், அதாவது ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும் என்.டி.16. எனவே அப்பெர்ச்சரை மூடி ஒளியைக் குறைக்காதீர்கள், அந்த வேலையை ஃபில்டரிடம் விடுங்கள். பகலில் காணொளிக்கு என்.டி. ஃபில்டர் இல்லாமல் பறக்கவே கூடாது என்பது என் கருத்து.

பதில் 2

மேலுள்ள பதிலின் அப்பெர்ச்சர் விளக்கம் முழுவதும் சரி. கடைசி வரியோடு மட்டும் நான் உடன்படவில்லை. கேட்டவர் 1/50 வினாடியில்தான் எடுத்திருக்கிறார், ஃபில்டரும் மாட்டியிருக்கிறார், ஆயினும் காட்சி துள்ளியிருக்கிறது. ஆகவே துள்ளலுக்கான காரணத்தை ஷட்டருக்கு வெளியே தேட வேண்டும்.

உங்கள் ட்ரோனின் லென்ஸ் முழு ஃப்ரேம் (36 மில்லிமீட்டர் அகலச் சென்சார்) கணக்கில் 24 மில்லிமீட்டருக்கு இணையானது என்று வைத்துக்கொள்கிறேன். அது கிடைமட்டமாகச் சுமார் 74 பாகையைக் காண்கிறது. 4கே காணொளியில் அந்த 74 பாகையும் 3,840 பிக்சல்களில் விரிகிறது. சராசரியாக ஒரு பாகைக்கு 52 பிக்சல். முழுச் சுற்றுக்கு 12 வினாடி என்பது கையில் மெதுவாகத் தோன்றினாலும், வினாடிக்கு 30 பாகை. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 1.2 பாகை, அதாவது 60 பிக்சலுக்கும் மேற்பட்ட தாவல். இவ்வளவு பெரிய தாவலை 1/50 வினாடியில் உண்டாகும் அசைவு மங்கல் பாதி மட்டுமே நிரப்பும். மீதிப் பாதியைக் கண் துள்ளலாக உணர்கிறது. திரையின் ஓர் ஓரத்தில் நுழையும் பொருள் மறு ஓரத்தை அடைய ஏழு வினாடியாவது ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்கள் பின்பற்றும் நடைமுறை. உங்கள் லென்ஸுக்கு அது வினாடிக்குச் சுமார் 10 பாகை, முழுச் சுற்றுக்கு 36 வினாடி. குச்சியை விரலால் அவ்வளவு நுணுக்கமாகத் தள்ளுவது கடினம் என்பதால், செயலியின் அமைப்புகளில் சுழற்சி வேகத்தைக் குறைத்து, அது தொடங்கி நிற்கும் மென்மையைக் கூட்டி வையுங்கள்.

நேர்கோட்டில் பறக்கும்போது கதை வேறு. 100 மீட்டர் உயரத்தில் கேமராவை நேராகக் கீழே நோக்கி வைத்தால் அது 150 மீட்டர் அகலத் தரையைக் காண்கிறது. ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சென்றாலும் ஃப்ரேமுக்கு 10 பிக்சல்தான் நகர்வு. அங்கே ஷட்டர் 1/50 ஆனாலும் 1/800 ஆனாலும் பார்ப்பவருக்கு வேறுபாடு அநேகமாகத் தெரியாது. அதே வேகத்தில் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் பறந்தால் நகர்வு 200 பிக்சலைத் தாண்டுகிறது. அப்போது ஃபில்டர் இல்லாத காணொளியைப் பார்க்கவே முடியாது. தரையை ஒட்டிய பறப்புக்கு ஃபில்டர் அவசியம். உயரத்திலிருந்து எடுக்கும் அமைதியான காட்சிக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான கணினித் திரைகள் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கின்றன. 25 ஃப்ரேம் காணொளியை அதில் ஓட்டினால் 60-ஐ 25-ஆல் வகுக்க மீதி வருவதால், சில ஃப்ரேம்கள் இரண்டு முறையும் சில ஃப்ரேம்கள் மூன்று முறையும் காட்டப்படுகின்றன. நீங்கள் காணும் துள்ளலில் ஒரு பங்கு கோப்பில் இல்லாமல் திரையில் மட்டுமே இருக்கலாம். ஒரே காட்சியை 25-இலும் 30-இலும் எடுத்து, அதே திரையில் ஓட்டிப் பார்த்தால் அந்தப் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

சோதனையின்போது ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர், அப்பெர்ச்சர், ஃப்ரேம் வேகம் மூன்றையும் ஒரே பறப்பில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பின்னர் பிரிக்கவே இயலாது. பின்னர் வண்ணம் திருத்துவதற்காக வெளிறிய நிறத்தில் பதியும் லாக் வண்ண அமைப்பு இருந்தால் இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5,600 கெல்வினில் நிறுத்தி வையுங்கள். இல்லையேல் ட்ரோன் திரும்பத் திரும்ப நிறமும் மாறிக்கொண்டே போகும்.

பதில் 3

அடிவானச் சாய்வு பற்றிச் சொல்கிறேன். ட்ரோன் தொடர்ந்து வேகமாக வட்டமிடும்போது, புவியீர்ப்போடு வட்டப்பாதையின் பக்கவாட்டு முடுக்கமும் சேர்ந்து சென்சார்களில் பதிவாவதால், எது செங்குத்து என்ற கணிப்பு சற்றுப் பிறழ்ந்து, கேமராவை நிலையாகத் தாங்கும் கிம்பலும் சாய்கிறது. சில வினாடிகள் அசையாமல் மிதக்கவிட்டால் தானாக நேராகிவிடும் என்றால் அது குறையன்று. காற்றே இல்லாதபோது மிதக்கையிலும் சாய்ந்தே இருந்தால், சமதளத்தில் வைத்துக் கிம்பலைச் சீரமைக்க வேண்டும். மின்சாரம் தந்தவுடன் கிம்பல் தன் அசைவுகளைத் தானே சோதித்துக்கொள்வதால், ஃபில்டரை எப்போதும் ட்ரோன் அணைந்திருக்கும்போதே மாட்டுங்கள். உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்ட, எடை குறைந்த ஃபில்டராகவும் அது இருக்கட்டும்.

மலைப் பயணம் என்றதும் எனக்குக் கேமராவைவிட வேறொன்றே முதலில் நினைவுக்கு வந்தது. ரிமோட்டில் தெரியும் உயரம் கடல் மட்டத்திலிருந்தோ கீழேயுள்ள தரையிலிருந்தோ அளக்கப்படுவதன்று. ட்ரோன் புறப்பட்ட இடத்திலிருந்து அளக்கப்படுவது. தானாகத் திரும்பி வருவதற்கு நீங்கள் வைக்கும் உயரமும் அப்படியே. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து புறப்பட்டு 60 மீட்டர் என்று வைத்திருந்தால், இடையில் 80 மீட்டர் மேடு ஒன்று இருக்கும்போது சிக்னல் அறுந்தால் ட்ரோன் அந்த மேட்டை நோக்கித்தான் வரும். எதிரிலுள்ளதைக் கண்டு நிறுத்தும் சென்சார்களும் விடியலின் மங்கிய வெளிச்சத்தில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த மலையில் பறக்க அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பல நாடுகளின் விதிகளில் உயர வரம்பு கீழேயுள்ள தரையிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதால், முகட்டிலிருந்து புறப்பட்டுப் பள்ளத்தாக்கின் மேல் நேராகச் சென்றாலே, ரிமோட்டில் சிறிய எண் தெரியும்போதே வரம்பை மீறிவிட நேரிடும்.

குளிரில் பேட்டரியின் உள் தடை கூடுவதால், சுமை ஏறும்போது மின்னழுத்தம் திடீரெனச் சரியும். பேட்டரிகளை உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்திருந்து, புறப்பட்டதும் ஒரு நிமிடம் தாழ மிதக்கவிட்டுப் பின் ஏறுங்கள். முதலில் காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். திரும்பும்போது காற்று உதவும். நேர் செங்குத்தாக வேகமாக இறக்காதீர்கள். தன் இறக்கைகள் தள்ளிய காற்றிலேயே இறங்கும் ட்ரோன் தள்ளாடும். சற்று முன்னோக்கி நகர்ந்தபடியே இறக்குங்கள். எனக்கு ஒருமுறை இப்படித் தள்ளாடித் தரையிலிருந்து மூன்று மீட்டரில்தான் நிலைப்பட்டது. அன்று உறைந்துபோன விரல்களை இன்றும் மறக்கவில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி ஒரு பறப்புக்கு ஒரே மாற்றம் என்று நான்கு மாலைகளில் சோதித்தேன். நிழற்படங்களை எஃப்/2.8, எஃப்/4, எஃப்/5.6, எஃப்/11 ஆகிய நான்கிலும் ஒரே இடத்திலிருந்து எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தபோது, எஃப்/4-இல் இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. எஃப்/11-இல் அதே மரம் பச்சைப் பூச்சாக இருக்கிறது. பின்னர் எஃப்/5.6-இல் என்.டி.16 மாட்டியும் கழற்றியும் எடுத்துப் பார்த்தேன்; கூர்மையில் வேறுபாடு காணவில்லை.

சுழற்சியை 36 வினாடிக்குக் குறைத்ததும் துள்ளல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. 30 ஃப்ரேமில் எடுத்தது என் திரையில் இன்னும் சீராக ஓடுகிறது. அடிவானம் ஐந்தாறு வினாடி மிதந்தபின் தானே நேரானது. உயரம் பற்றிய எச்சரிக்கைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நான் முகட்டிலிருந்துதான் புறப்படத் திட்டமிட்டிருந்தேன். இப்போது வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமோச்சக் கோடுகளைப் பார்த்து, சுற்றிலும் உள்ள மிக உயர்ந்த இடத்தைக் குறித்து வருகிறேன். விடியலில் ஒளியளவை எப்படி வைப்பது என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பதில் 1

விடியலில் ஃபில்டர்கள் பையிலேயே இருக்கட்டும். நிழற்படத்துக்கு எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), ஒளியளவை மாற்றி ஐந்து படங்களாகத் தொடர்ந்து எடுங்கள். வானமும் பள்ளத்தாக்கின் நிழலும் ஒரே படத்தில் அடங்குவது அரிது. ஒளியளவின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலைப் பின்னர் ஓரளவு தூக்கலாம், வெளுத்த வானத்தை மீட்க முடியாது. ஷட்டர் 1/30 வினாடிக்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு நிலையிலும் மூன்று முறை எடுத்து, கூர்மையானதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரைப் பற்றி நான் முன்பு எழுதிய கடைசி வரியையும் திருத்திக்கொள்கிறேன். 100 மீட்டர் உயரத்தில் ஃபில்டருடனும் இல்லாமலும் நேற்று எடுத்துப் பார்த்தேன், இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.