நிக்கல் 2.1 போட்ட ஹை-என்ட்ரோபி அலாய்: இது எடைக் கணக்கா?

பீன்யா_வார்ப்பு:
பெங்களூரு பீன்யாவுல சின்ன இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் (மெழுகு மாதிரி மேல செராமிக் அச்சு கட்டி ஊத்தற வார்ப்பு) யூனிட். அன்றாட வேலை 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தற சக்கரம்) ஊத்தறதுதான். இப்ப ஒரு கஸ்டமர் 'யூடெக்டிக் ஹை-என்ட்ரோபி அலாய்'ல (பல உலோகத்தைப் பெரிய பங்குகளா கலக்கற அலாய்) சாம்பிள் கேட்கிறார். டிராயிங்ல அலுமினியம், கோபால்ட், குரோமியம், இரும்பு நாலும் ஒண்ணு, நிக்கல் 2.1னு இருக்கு. எடையா? எங்ககிட்ட இருக்கறது திறந்த இண்டக்ஷன் ஃபர்னஸ்தான். ஒத்துக்கலாமா?

சேலத்து_மெட்டலர்ஜி:
எடை இல்லீங்க, அணு விகிதம். எடையா போட்டா அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏறிடும். 100 கிலோ சார்ஜுக்கு அலுமினியம் 8.5, கோபால்ட் 18.6, குரோமியம் 16.4, இரும்பு 17.6, நிக்கல் 38.9.

2014ல சீனாவோட டாலியன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல இருந்து வந்த கலவை இது. அதுவரைக்கும் இந்த வகை அலாய்ல வலு இருந்தா இழுவை (உடையாம நீளுற குணம்) இருக்காது, இழுவை இருந்தா வலு இருக்காது; ஊத்தினா அச்சும் ஒழுங்கா நிரம்பாது. யூடெக்டிக்னா 1350 டிகிரியை ஒட்டி ஒரே மூச்சுல உறையும், கூழ்ப் பதம்னு ஒண்ணு கிடையாது. இம்பெல்லரோட மெல்லிய வேன் (இதழ்) நுனி வரைக்கும் ஓடும். உள்ளே மெத்துன்னு ஒரு அடுக்கு, நிக்கல்-அலுமினியம் சேர்ந்த கெட்டி அடுக்கு ஒண்ணுன்னு மாறி மாறிப் படியும். இழுவையும் வலுவும் சேர்ந்து வர்றது அதனாலதான்.

ஆனா திறந்த ஃபர்னஸ் வேண்டாங்க. அலுமினியம் காத்துல தோல் கட்டி அச்சுக்குள்ளயே போயிடும், கலவையும் நழுவும். வேக்கம் ஃபர்னஸ் இருக்கறவங்ககிட்ட ஜாப் ஒர்க்கா குடுங்க. அலுமினியத்தைக் கடைசியில, கொஞ்சம் கொஞ்சமா போடச் சொல்லுங்க. நிக்கல் உருகல்ல ஒரேயடியா கொட்டினா சூடு தானா குபீர்னு ஏறும், பக்கத்துல ஆள் நிக்க முடியாது.

லேசர்_தம்பி:
அண்ணா, இதே கலவையை லேசர் பவுடர் பிரிண்டிங்ல அடிச்சு 2022ல நேச்சர் இதழ்ல போட்டாங்க. யீல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற அழுத்தம்) 1.3 ஜிகாபாஸ்கல், சீரான நீட்சி 14 சதவீதம். வேகமா உறையறதால அடுக்கு நானோ அளவுக்கு மெலிஞ்சிடுது. சாதாரண வார்ப்புல அதை எதிர்பார்த்துடாதீங்க.

பீன்யா_வார்ப்பு:
நன்றி சார். விலை கட்டுபடியாகுமா?

சேலத்து_மெட்டலர்ஜி:
நிக்கலும் கோபால்ட்டும் மட்டுமே எடையில பாதிக்கு மேல. 316ல நிக்கல் 10 முதல் 14 சதவீதம்தான், கோபால்ட் சேர்க்கறதே இல்ல. நல்ல தண்ணி பம்புன்னா இது வெட்டிச் செலவு, கஸ்டமர்கிட்ட நேரா சொல்லிடுங்க. ஊத்தறதா இருந்தா முதல் பீஸை வெட்டி, பாலிஷ் போட்டு, எட்ச் பண்ணி (அமிலத்தால லேசா அரிச்சு) மைக்ரோஸ்கோப்ல பாருங்க. அடுக்குக்கு நடுவுல மரக்கிளை மாதிரி டென்ட்ரைட் தெரிஞ்சா கலவை நழுவியிருக்குன்னு அர்த்தம்.