பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி கிரெடிட்: எங்கே சறுக்குது? (அனுபவப் பகிர்வு)

பாத்தெல்_வாசி

ரன்னிங் ஸ்டார்ட்ல (அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல, பள்ளிப் பிள்ளைங்க கல்விக் கட்டணம் இல்லாம கல்லூரிப் பாடம் படிக்கிற திட்டம்) சேர்ந்த பதினொன்றாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி. செப்டம்பர் கடைசி, கல்லூரி திறந்து மூணாம் நாள். கல்லூரியோட இணையப் பக்கத்தைத் திறந்தா "கட்ட வேண்டிய பாக்கி"ன்னு சிவப்புல ஒரு வரி. இலவசம்னுதானே சேர்த்தோம்னு அவங்க அம்மா அனுப்பின அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் உறுத்துது.

சிக்கல் கணக்குல. வாஷிங்டன்ல பள்ளி, கல்லூரி ரெண்டும் சேர்த்து 1.4 எஃப்.டி.இ. வரைக்கும்தான் அரசுப் பணம் (1.0ன்னா ஒரு முழுநேர மாணவரோட படிப்புச் சுமை). கல்லூரியில 15 கிரெடிட்னா (கிரெடிட்ங்கிறது பாடத்தோட அளவைச் சொல்ற புள்ளி) 1.0. அவங்க பள்ளியில தினசரி ஒரு பாடம் 0.2. பொண்ணு மூணு பாடத்தைப் பள்ளியில வச்சிருந்தா, ஆச்சு 0.6. மிச்சம் 0.8, அதாவது 12 கிரெடிட். அவ பதிவு பண்ணினது 15. கூடிப்போன 3 கிரெடிட்டுக்குக் கல்விக் கட்டணம் விழுந்துடுச்சு.

என்ரோல்மென்ட் வெரிஃபிகேஷன் ஃபார்ம்ல (பள்ளி கவுன்சிலர் நிரப்பித் தர்ற படிவம்) எத்தனை கிரெடிட் இலவசம்னு எழுதியே இருக்கு. கையெழுத்துப் போடுற இடத்தை மட்டும் பார்த்துட்டு அந்த எண்ணை யாரும் பார்க்கிறதில்ல. பள்ளியில ஒரு பாடத்தை விட்டுட்டு, கவுன்சிலர் புது ஃபார்ம் போட்டதும் பாக்கி போயிடுச்சு. விட்ட பாடத்தால நஷ்டமும் இல்ல: கல்லூரியில 5 கிரெடிட் எடுத்தா பள்ளிக் கணக்குல 1 முழு கிரெடிட். வருஷம் பூரா படிக்கிற பாடம் ஒரே குவார்ட்டர்ல (கல்லூரியோட சுமார் மூணு மாசப் பருவம்) முடிஞ்சிடும்.

இந்த ஃபார்ம் ஒவ்வொரு குவார்ட்டருக்கும் புதுசா வேணும். இலையுதிர் குவார்ட்டருக்கு ஜூன்லயே வாங்கிடுங்க. ஆகஸ்ட் கடைசியில கவுன்சிலர் அறை வாசல்ல நிக்கக்கூட இடம் இருக்காது.

ஃப்ரிஸ்கோ_ஆங்கிலம்

டெக்சஸ் கதை வேற. இங்க டூயல் கிரெடிட் (ஒரே பாடம் பள்ளிக் கணக்கு, கல்லூரிக் கணக்கு ரெண்டுலயும் சேர்றது) எல்லாருக்கும் இலவசம் கிடையாது. 2023ல வந்த ஃபாஸ்ட் திட்டத்துல, இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ள பிள்ளைகளுக்கு, திட்டத்துல சேர்ந்த கல்லூரிகள்ல மட்டும் கட்டணம் இல்ல. மத்தவங்களுக்கு எவ்வளவுங்கிறது உங்க பள்ளி மாவட்டமும் கல்லூரியும் போட்டிருக்கிற ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

மனசுல நிக்கிறது ஒரு பையனோட மதிப்பெண் தாள். டி.எஸ்.ஐ.ஏ.2 (கல்லூரிப் பாடத்துக்குப் பிள்ளை தயாரான்னு டெக்சஸ்ல பார்க்கிற தேர்வு), ஆங்கிலப் பகுதி 958. 945 போதும். கட்டுரையில 4. அதுக்கு 5 வேணும். அந்த ஒரு புள்ளியில இங்கிலிஷ் 1301 (கல்லூரியோட முதல் ஆங்கிலப் பாடம்) போச்சு. நல்லாப் படிக்கிற பையன். கட்டுரை மூணு பத்தி, இருநூறு சொல்கூட இல்ல. "ஒரு பக்கம் பார்த்தா சரி, இன்னொரு பக்கம் பார்த்தா தப்பு"ன்னு முடிச்சிருந்தான். அந்தக் கட்டுரை கேக்கிறது ஒரு நிலைப்பாடு. முதல் பத்தியிலயே பக்கம் எடுக்கணும், 300க்கு மேல 600 சொல்லுக்குள்ள எழுதணும், எதிர்த் தரப்பை ஒரு பத்தியில சொல்லி மறுக்கணும். எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் போதுமான அளவு இருந்தா இந்தத் தேர்வே வேண்டாம். அதை முதல்ல பாருங்க.

ட்ரான்ஸ்கிரிப்ட்_மேசை

காசு போனா திரும்ப வரும். கிரேடு வராது. அதை யாரும் சொல்லலையேன்னுதான் எழுதுறேன்.

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிச்ச ஒரு பொண்ணு. ஏ.எம்.சி.ஏ.எஸ். படிவத்துல (மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) "நீங்கள் படித்த கல்லூரிகள் அனைத்தும்"னு கேக்குற இடத்துல பட்டம் வாங்கின ஒரே பல்கலைக்கழகத்தை எழுதியிருந்தா. பதினோராம் வகுப்புல கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்புக்கான உள்ளூர் அரசுக் கல்லூரி) எடுத்த ரெண்டு பாடம் நினைவுலயே இல்ல. அதுல ஒண்ணுல சி கிரேடு. பள்ளிக்கூடத்துல இருக்கும்போது எடுத்ததா இருந்தாலும் கல்லூரிப் பாடம்னா அதைக் காட்டியாகணும், ஜி.பி.ஏ.லயும் (கிரேடு சராசரி) சேரும். பதினாறு வயசுல வாங்கின சி அது.

அதனால பிள்ளை தடுமாறினா தேதியைப் பாருங்க. வாஷிங்டன் கல்லூரிகள்ல குவார்ட்டரோட 10ஆம் நாள், டெக்சஸ்ல முழு செமஸ்டருக்கு வகுப்பு நடக்கிற 12ஆம் நாள். அதுக்குள்ள விட்டா ட்ரான்ஸ்கிரிப்ட்ல (கல்லூரி தர்ற மதிப்பெண் பதிவு) சுவடே இருக்காது. அதுக்கப்புறம் விட்டா டபிள்யூ, அதாவது நடுவுல விலகினதா பதிவாகும். அதையும் தாண்டி வகுப்புக்குப் போகாம விட்டா எஃப், அதாவது தோல்வி. சும்மா போகாம இருந்துட்டா தானா பேர் எடுத்துடுவாங்கன்னு பள்ளிப் பிள்ளைங்க நம்புறாங்க. அதை நம்பி இருக்காதீங்க.

பே_ஏரியா_அப்பா

@ட்ரான்ஸ்கிரிப்ட்_மேசை இப்படிப் பயமுறுத்தினா யாரும் சேர மாட்டாங்க. ஏ.பி. (பள்ளியிலயே படிச்சு எழுதுற கல்லூரி நிலைத் தேர்வு) எழுதட்டுமே. மே மாசம் ஒரு தேர்வு. மதிப்பெண் குறைஞ்சா அனுப்பாம விட்டுடலாம்.

ஈக்விவலன்சி_மாமி

@பே_ஏரியா_அப்பா, தம்பி, ஏ.பி.க்கும் இதுக்கும் போட்டி இல்லப்பா. ஏ.பி.ல ஒரு நாள் தேர்வு, எத்தனை மதிப்பெண்ணுக்கு எத்தனை கிரெடிட்னு சேர்ற பல்கலைக்கழகம் முடிவு பண்ணும். கல்லூரிப் பாடத்துல குவார்ட்டர் முழுக்க உழைப்பு, கிரெடிட் அப்பவே கையில. ஆனா அது எங்க போய்ச் செல்லும்ங்கிறதுதான் கேள்வி.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். வாஷிங்டன்ல பாட எண்ணுக்கு முன்னால & குறி இருக்கான்னு பாருங்க. மேத்& 151, இங்கிலிஷ்& 101 மாதிரி. அந்தக் குறி இருந்தா மாநிலத்துல இருக்கிற எல்லா கம்யூனிட்டி காலேஜ்லயும் அதே பாடம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோட ஈக்விவலன்சி கைடுல (எந்தக் கல்லூரிப் பாடம் அவங்களோட எந்தப் பாடத்துக்குச் சமம்னு சொல்ற பட்டியல்) மேத்& 151 நேரா மேத் 124. குறி இல்லாத பாடம்னா அந்த கைடுல தேடிட்டு அப்புறம் பதியுங்க.

வெளி மாநிலம் போறவங்க மாட்டிக்கிறது தொடர் பாடங்கள்ல. கெமிஸ்ட்ரி& 161 மட்டும் முடிச்சுட்டு செமஸ்டர் முறை பல்கலைக்கழகத்துக்குப் போனா, 5 குவார்ட்டர் கிரெடிட் அங்க 3.33 ஆகும். அவங்க முதல் கெமிஸ்ட்ரி 4 கிரெடிட்னா பாடம் முழுசா முடியாத கணக்கு, திரும்ப முதல்லேருந்து உட்கார வேண்டி வரலாம். 161, 162, 163 மூணையும் ஒரே கல்லூரியில முடிங்க, இல்ல தொடவே தொடாதீங்க.

தனியார் பல்கலைக்கழகம்னா இன்னும் கவனம். பள்ளி டிப்ளமாவுக்குக் கணக்கு வச்ச பாடத்துக்கு கிரெடிட் கிடையாதுன்னு நிறைய இடத்துல விதியே உண்டு. ஒவ்வொரு பாடத்தோட சிலபஸையும் பி.டி.எஃப்.பா எடுத்து வைங்க: வாரவாரியான தலைப்பு, புத்தகத்தோட பேர், பதிப்பு, ஆய்வகம் உண்டா இல்லையா. பாடம் முடிஞ்சதும் கல்லூரித் தளத்துல உள்ளே போற வழி மூடிடும்.

புத்தகச் செலவு ரன்னிங் ஸ்டார்ட்ல நம்ம கையிலேருந்துதான். பதிவு பண்ணும்போது புத்தகச் செலவு இல்லாத பிரிவை வடிகட்டித் தேடலாம். பஸ்ஸுக்கு 18 வயசு வரைக்கும் காசு வேண்டாம். சலுகை மதிய உணவுக்குத் தகுதி இருந்தா கல்லூரிக் கட்டணங்கள்லயும் விலக்கு கேளுங்க.

இன்னொண்ணு, 2023 இலையுதிர்லேருந்து அரசுக் கல்லூரிகளோட காலேஜ் இன் தி ஹைஸ்கூல் பாடங்களும் இங்க இலவசம். பள்ளி வகுப்பறையிலயே நடக்கும், காரே வேண்டாம். கிரெடிட் வேணும்னு தனியா பதியணும். பதியாம வருஷம் முழுக்க உட்கார்ந்துட்டு வந்த பிள்ளைங்க இருக்காங்க.

ரெட்மண்ட்_ரவுண்டானா

ஒரு அப்பா கல்லூரி கவுன்ட்டர்ல நின்னு, "என் பொண்ணுக்குப் பதினாறு வயசுதான், மார்க் சொல்லுங்க"ன்னு கேட்டார். "மன்னிக்கணும் சார், அவங்க அனுமதி வேணும்." பொண்ணு பக்கத்துலயே தலை குனிஞ்சு நின்னா. ஃபெர்பா சட்டப்படி (மாணவர் பதிவேடுகளோட ரகசியம் காக்கிற அமெரிக்கச் சட்டம்), கல்லூரியில சேர்ந்துட்டா வயசு என்னவா இருந்தாலும் பதிவேடு மேல உரிமை மாணவருக்கு. அனுமதிப் படிவம் ரெண்டு நிமிஷ வேலை, முதல் வாரமே போட்டுடுங்க. கல்லூரிக் கடிதம் எல்லாம் பிள்ளையோட கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

ட்ரான்ஸ்கிரிப்ட்_மேசை

மாமி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. பள்ளி அனுப்புற ட்ரான்ஸ்கிரிப்ட் போதும்னு நினைக்காதீங்க, அடுத்து சேர்ற பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரியோடது தனியாப் போகணும். ஜூன் முதல் வாரமே ஆர்டர் பண்ணின பையனுக்குக் கடைசி குவார்ட்டர் இடம் வெறுமையாப் போய்ச் சேர்ந்துச்சு, 15 கிரெடிட் காணோம்னு ஜூலை முழுக்க அலைச்சல். ஆர்டர் பக்கத்துல "கிரேடு வந்த பிறகு அனுப்பு"ன்னு ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் பண்ணுங்க.