அரசாங்க கிளினிக்கா, தனியாரா? மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

திரியைத் தொடங்கியவர்:
அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த புதிதில் தனியார் கிளினிக்கில்தான் காட்டினோம். போன கையோடு டாக்டரைப் பார்க்கலாம், மரியாதையாகப் பேசுவார். ஆனால் மாத்திரைக்கு ஒரு பில், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு பில். கையில் காசு இல்லாத மாதங்களில் அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்துவிட்டார். அது தெரிந்த அன்றே அரசாங்க கிளினிக்குக்கு மாற்றினோம். குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). டாக்டர், மருந்து, பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். வரிசை நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், கண்ணைப் படம் எடுக்கிறார்கள். தனியாரிடம் போன காலத்தில் அம்மாவின் பாதத்தை ஒருவரும் பார்த்ததில்லை. தனியார் என்றாலே தரம் என்று பேசுகிறவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

பால்மரம் வெட்டிய அக்கா:
தம்பி, தோட்ட ஆஸ்பத்திரியும் கம்பெனி நடத்தினதுதானே? அங்க வைத்தியம் பார்த்த டிரஸர் ஐயா நடுராத்திரியில கதவைத் தட்டினாலும் எழுந்து வருவாரு, அதை நான் மறக்க மாட்டேன். ஆனா உடம்புக்கு முடியலன்னு லீவு எழுதித் தர்றதும் அவருதான், அவருக்குச் சம்பளம் போடறது கம்பெனிதான். காய்ச்சலோட வேலைக்காட்டுக்குப் போனவங்க எத்தனை பேர்! தோட்டம் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, ஆளுங்க குறைஞ்சதும் ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. அரசாங்க கிளினிக்கை அப்படி மூட முடியுமா?

மில்லில் வேலை செய்தவரின் மகன்:
அக்கா சொல்வது நியாயம். என் அப்பா கதை வேறு. சிறுநீரகம் பழுதானபோது அரசாங்க ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்கவில்லை. தனியார் நிலையத்தில்தான் வாரம் 3 முறை செய்கிறார், நன்றாகவே கவனிக்கிறார்கள். ஆனால் செலவை ஏற்பது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த சந்தாதான் இன்று கை கொடுக்கிறது. அது இல்லையென்றால் அந்த நிலையத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டோம்.

இன்னொருவர்:
மருத்துவம் மட்டுமா, கழிவுநீர்ச் சேவையையும் பாருங்கள். 1994இல் இண்டா வாட்டர் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். கட்டணத்துக்கு மக்களிடம் பலத்த எதிர்ப்பு. 2000இல் அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொண்டது.

திரியைத் தொடங்கியவர்:
மில்காரர் மகன் அண்ணே, என் மாமாவுக்கும் டயாலிசிஸ் தேவைப்படும் என்கிறார்கள். காலமெல்லாம் குத்தகைக்காரரிடம் செம்பனைக் குலை வெட்டியவர். அவருக்குச் சொக்சோ சந்தா யாருமே கட்டவில்லை. எங்கே போய்க் கேட்பது?

மில்லில் வேலை செய்தவரின் மகன்:
பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகநலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, தம்பி. டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு முதலில் அங்கே போங்கள். வருமான விவரத்தைப் பார்த்து, குறைந்த கட்டணத்தில் செய்யும் அறநிலையங்களுக்கு வழி காட்டுவார்கள். மாமாவின் அடையாள அட்டை, வீட்டு வருமான விவரம், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள்.