களிமண் பொம்மை விரிசல் விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

வணக்கம். எல்கேஜி, யுகேஜி குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். அச்சடித்த படத்துக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் அடிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு வயதுக் கை எதையாவது பிசைய வேண்டும், கிழிக்க வேண்டும், ஒட்ட வேண்டும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வண்ணத்தில் தோய்த்து அச்சு வைப்பது நன்றாகப் போகிறது. தாளில் பூ மாதிரி விழுந்ததும் மறுபடி மறுபடி குத்திக்கொண்டே இருக்கிறார்கள். மஞ்சள்தூள் கரைசல் பூசிக் காய்ந்த தாளில் சமையல் சோடாத் தண்ணீரால் கோடு இழுத்தால் சிவப்பாக மாறும். அதற்கும் ஒரே குதூகலம்.

சிக்கல் களிமண்ணில்தான். காய்ந்ததும் சட்டியில் விரிசல் விழுகிறது, யானையின் தும்பிக்கை தனியாகக் கழன்று வருகிறது. வீட்டுக்கு எடுத்துப்போகக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. நிழலில்தான் காய வைக்கிறேன், மணலும் கொஞ்சம் கலக்கிறேன். சூளையில் சுட வசதியில்லை. மண் வேலை தெரிந்தவர்கள், வேறு என்ன சேர்க்கலாம், ஒட்டும் இடத்தை எப்படிப் பூச வேண்டும் என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு பையன் ஈர மண்ணையும் பசையையும் தொடவே மாட்டேன் என்கிறான். வற்புறுத்த மனமில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்?