சம்பளக் கணக்கில் பிடித்த மினிமம் பேலன்ஸ் பணத்தை கோர்ட்டுக்குப் போய் வாங்கலாமா?

பேர்ணாம்பட்டு மல்லிகா:

எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பிரிவில் வேலை பார்த்தேன். கம்பெனியே எங்களுக்கு ஒரு தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு திறந்து கொடுத்தது. கார்டு தந்தார்கள், பாஸ்புக் கிடையாது. மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபிறகு வேலையை விட்டு நின்றுவிட்டேன். ஆதார் அந்தக் கணக்கில்தான் இணைந்திருக்கிறது, அதனால் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயும் அதில்தான் வந்து விழுகிறது.

கொஞ்ச காலமாக ஏ.டி.எம்.மில் பார்த்தால் நானூற்றுச் சொச்சம்தான் இருக்கிறது. ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தேன். மாதாமாதம் 500 ரூபாய் பிடித்தம், அதற்கு ஜி.எஸ்.டி. 90, ஆக 590. ஏழு மாதத்துக்கு 4130 ரூபாய் போயிருக்கிறது. கிளையில் கேட்டால், "சம்பளம் வராததால் உங்கள் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது, பத்தாயிரம் இருப்பு வைக்க வேண்டும், சிஸ்டம் தானாகப் பிடிக்கும், எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்கிறார்கள். பத்தாயிரம் இருந்தால் நான் ஏன் 400 ரூபாய்க்கு ஏ.டி.எம். வாசலில் நிற்கிறேன்? மெசேஜ் அனுப்பினோம் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் மகன் லண்டனில் இருக்கிறார். அங்கே சின்னத் தொகைக்கென்றே ஒரு கோர்ட் இருக்கிறதாம், பேங்க் பிடித்த காசை சனங்கள் அதில் கேஸ் போட்டு வாங்கினார்களாம். நம் ஊரில் அப்படி உண்டா? இருந்தால் வேலூரில் போடுவதா, ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்பதால் அங்கே போவதா? வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை.

ஆற்காடு பாபு:

விடுங்கக்கா. நாலாயிரத்துக்கு கோர்ட் வாசல் ஏறினால் பஸ் காசும் டீக் காசும் அதைவிட அதிகம் ஆகும். பேங்க்காரனிடம் எவன் ஜெயித்தான்? கணக்கை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்க.

காட்பாடி கேஷ் கவுன்ட்டர்:

பாபு தம்பி, இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன், அந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரியும். எழுத்தில் வராத புகார் வங்கியைப் பொறுத்தவரை புகாரே இல்லை. மேனேஜரிடம் வாயால் சண்டை போட்டுவிட்டு வந்தால் அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

மல்லிகாம்மா, கோர்ட் கடைசிப் படி. முதலில் என்ன கேட்கிறோம் என்பதைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். "500 ரூபாய் அநியாயம், ஏழைகிட்ட இப்படிப் பிடுங்கலாமா" என்று எழுதினால் தோற்றுப்போவீர்கள். கட்டணம் எவ்வளவு என்பது எங்கள் வியாபார முடிவு என்பார்கள். வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் வங்கியின் வியாபார முடிவுக்குள் தலையிட மாட்டார், அவருடைய திட்டத்திலேயே அப்படி இருக்கிறது. நாம் கேள்வி கேட்க வேண்டியது, அவர்கள் பணத்தைப் பிடித்த விதத்தை.

2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்து ஒரு மாதத்துக்குள் சரிசெய்யவில்லை என்றால்தான் அபராதம் போடலாம். அபராதமும் எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை உங்கள் ஸ்டேட்மென்ட்டில் நன்றாகப் பாருங்கள். பல இடங்களில் என்ன செய்கிறார்கள் என்றால், கணக்கு காலியாக இருக்கும்போது பாக்கி என்று எழுதி வைத்துக்கொண்டு, 1000 வந்த அன்று சாயங்காலமே எடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே கடிதத்தில் கேள்வியாகவே கேளுங்கள். சம்பளக் கணக்கு என்றைக்கு மாறியது, அதை எனக்கு எப்படித் தெரிவித்தீர்கள்? இருப்பு குறைகிறது என்ற அறிவிப்பை எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள்? 500 என்ற தொகை எந்த விகிதத்தில் வந்தது? அனுப்பினோம் என்று சொல்பவன்தான் காட்ட வேண்டும். கூடவே 4130 ரூபாயும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் கிளையின் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இது உரிமைத் தொகை என்பதையும் எழுதுங்கள். 2023 செப்டம்பரில் முதல் தவணை வந்தபோதே சில வங்கிகள் இப்படிக் கழித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அது கூடாது என்று அறிக்கை விட்டு, 1100 எண்ணில் புகார் செய்யச் சொன்னார். அதிலும் ஒரு புகார் போட்டு வையுங்கள்.

30 நாளில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது. இணையத்தில் போடலாம், இல்லையென்றால் சண்டிகரில் இருக்கிற அவர்கள் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகம் இருந்தால் 14448க்குப் போன் போட்டுக் கேளுங்கள். இதற்கு வக்கீல் வேண்டாம் என்பது மட்டுமில்லை, வக்கீல் மூலமாகப் போட்டால் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

வாலாஜா டு லண்டன்:

தெருவில் சொன்னது பாதி உண்மை, அதனால் எழுதுகிறேன். இங்கே இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை உள்ள வழக்குகளுக்குச் சிறுதொகை வழக்கு முறை இருக்கிறது, வக்கீல் இல்லாமலே போடலாம். 2006, 2007 வாக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிப் போட்டார்கள். கணக்கில் காசு இல்லாமல் ஒரு செக் திரும்பினால் 30 பவுண்டு அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. விசாரணைக்கு முன்பே பல வங்கிகள் பணத்தைக் கொடுத்துவிட்டன.

அப்புறம் 2007 ஜூலையில் மாதிரி வழக்கு ஒன்று தொடங்கியது, மற்றதெல்லாம் நின்றுபோனது. 2009 நவம்பர் 25 அன்று இங்கத்திய உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி, ஆகவே தொகை நியாயமா இல்லையா என்று அந்த விதிகளின் கீழ் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. காட்பாடி ஐயா சொல்வது இங்கேயும் அப்படியே நடந்திருக்கிறது, தொகை அநியாயம் என்று வாதாடியவர்கள் தோற்றார்கள். 2020 ஏப்ரலில், இங்கே வங்கிகளைக் கண்காணிக்கிற நிதி நடத்தை ஆணையத்தின் புது விதி நடைமுறைக்கு வந்த பிறகுதான், கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்தால் நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று பிடிக்கிற நிலையான கட்டணம் நின்றது.

சத்துவாச்சாரி ஜூனியர்:

மல்லிகா அக்கா, எந்த ஊரில் போடுவது என்று ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். பேர்ணாம்பட்டு வேலூர் மாவட்டம்தான், ஆகவே வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், கிளை எந்த மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நம் ஊரில் சின்னத் தொகைக் கோர்ட் என்று தேடினால் கிட்டத்தட்ட இதுதான். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீங்களே பேசலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம், ஆனால் 4130 ரூபாய்க்கு ஐந்து லட்சம் கேட்டு எழுதாதீர்கள், மனுவின் மரியாதையே போய்விடும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

ஒரே விஷயத்தை ஆணையத்தில் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். அதனால் முதலில் அவரிடம் போய் வாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆதார், ஸ்டேட்மென்ட், சீல் போட்ட கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தால் மனு எழுதித் தருவார்கள்.

பேர்ணாம்பட்டு மல்லிகா:

ஐயா சொன்ன மாதிரியே கேள்வியாக எழுதிக் கொடுத்தேன். முதலில் வாங்கவே மாட்டேன் என்றார்கள், தபாலில் அனுப்புகிறேன் என்றதும் சீல் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது போன் வந்திருக்கிறது. நல்லெண்ணத்தின் பேரில் இரண்டு மாதத்துக்கு 1180 ரூபாய் போடுகிறார்களாம், முழுத் திருப்தி என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் பதில் இல்லை. போடலாமா?

காட்பாடி கேஷ் கவுன்ட்டர்:

போடாதீர்கள். நல்லெண்ணம் இருப்பவன் கையெழுத்துக் கேட்க மாட்டான். எஸ்.எம்.எஸ். அனுப்பிய தேதி அவர்களிடம் இருந்திருந்தால் இந்நேரம் முகத்தில் எறிந்திருப்பார்கள். பணத்தைக் கணக்கில் போட்டால் போடட்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. "1180 வந்தது, மீதி 2950 நிலுவையில் உள்ளது, என் கேள்விகளுக்குப் பதில் இல்லை" என்று இன்னொரு கடிதம் கொடுங்கள். அதன் பிரதியும் குறைதீர்ப்பாளருக்குப் போகும் மனுவோடு சேர வேண்டும்.

அதற்குமுன் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த 1000 அந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. மினிமம் பேலன்ஸ் அபராதத்தை ஸ்டேட் வங்கி 2020லேயே நிறுத்திவிட்டது, இந்தியன் வங்கி 2025 ஜூலையில் நிறுத்தியது. உங்களுக்குக் கிட்டே எது இருக்கிறதோ அதில், மினிமம் பேலன்ஸ் வைக்க வேண்டாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று கேட்டுத் திறந்து, ஆதாரை அங்கே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஜீரோ பேலன்ஸ் என்று வாயால் சொல்லிவிட்டு வேறு கணக்கைத் திறந்துவிடுவார்கள், படிவத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய கணக்கை இப்போதே மூடாதீர்கள், பணம் திரும்பி வர அது திறந்திருக்க வேண்டும்.

ஆற்காடு பாபு:

அக்கா, அந்தக் கடிதத்தை பேர் மறைத்து இங்கே போடுங்களேன். எங்கம்மா கணக்கிலும் மாசம் ஏதோ கழிகிறது, இன்னைக்குத்தான் பார்த்தேன்.